ஓலைக்கட்டும் மெய்நிகர் வட்டும்

நுழையும்முன்

ஓலையிலும் தாளிலும் இருந்த எழுத்து இன்று கணினியின் வட்டுக்குள் குடியேறிவிட்டது. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் பெயரையும் இடத்தையும் வகுத்துத் தருவது கோப்பு முறைமை என்னும் மென்பொருள். அதனைப் பிறர் ஆக்கித்தரப் பெற்றுக்கொள்வது போதுமா, நாமே ஆக்கவும் கற்க வேண்டுமா என்னும் வினாவை நாஞ்சில் நாட்டு ஓலைகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓலையைத் தேடுதல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை வட்டத்தில் உள்ள ஊர் அழகியபாண்டியபுரம். வேணாட்டு அரசர்களுக்குக் கீழ் நாஞ்சில் நாட்டின் ஆட்சிப்பொறுப்பில் பங்குகொண்ட பெரியவீட்டு முதலியார் குடும்பம் அங்கு வாழ்ந்தது. அரசர் விடுத்த நீட்டு, நிலம் விற்ற ஆவணம், ஒற்றி ஓலை, வரிக்கணக்கு, ஊர் வழக்கு எனப் பல தலைமுறைகளின் எழுத்து அவ்வீட்டில் ஓலைகளாகச் சேர்ந்திருந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைப் படித்துப் படியெடுத்தார். கவிமணியைக் குழந்தைப் பாடல்களால் மட்டும் அறிந்தோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். காந்தளூர்ச்சாலையைப் பற்றி ஆராய்ந்தெழுதிய கல்வெட்டறிஞரும் அவரே. பிற்காலத்தில் நாகர்கோவில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் இவ்வாவணங்களை 'முதலியார் ஓலைகள்' என்னும் பெயரில் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டின் சமூக வரலாறு பற்றி இன்று அறியக்கூடியவற்றுள் பெரும்பங்கு இத்தகைய ஓலைகளிலிருந்து வந்ததாகும்.

ஓலை அழியாமல் இருந்தால் மட்டும் போதாது. தேடும்போது அது கிடைக்கவும் வேண்டும். சுவடியின் துளைவழியே கோத்த கயிறு அறுந்தால், எண்ணிடப்படாத ஏடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எழுத்து ஒன்றுகூட அழிந்திராது. ஆயினும் நூல் அழிந்துவிட்டது எனலாம். எழுத்தை ஆவணமாக்குவது அதனைச் சுற்றியுள்ள ஒழுங்கே.

இவ்வொழுங்கு நடுநிலையானது என்று எண்ணுவதற்கில்லை. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ஆம் ஆண்டு, கொல்லம் 1030-இல், அரச அறிக்கையால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட காலத்தில் மனிதர்களை விற்றதற்கும் ஒற்றி வைத்ததற்கும் எழுதப்பட்ட ஓலைகள் நாஞ்சில் நாட்டில் கிடைத்துள்ளன. நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்ற ஓர் ஓலையை எந்தக் கட்டில் வைப்பது? விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அது நில ஆவணம். விற்கப்பட்டவரின் வழித்தோன்றலுக்கு அதுவே தம் முன்னோரின் பெயர் எழுதப்பட்ட ஒரே ஏடாக இருக்கக்கூடும். நிலக்கட்டில் வைத்தால் நிலத்தைத் தேடுபவர்க்கு மட்டுமே அது அகப்படும். ஆளைத் தேடுபவர் அங்கே கைவைக்கவே மாட்டார்.

இதே ஓலைகளை ஒளிவருடி கணினியில் சேர்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை. கணினியும் ஒரு கட்டில்தான் வைக்கச் சொல்கிறது. அதற்குக் கோப்புறை என்று பெயர்.

இல்லாத வட்டு

கோப்பும் கோப்புறையும் வட்டில் உள்ள பொருள்கள் என்றே பலரும் கருதுகின்றனர். வட்டில் இருப்பவை எண்ணிட்ட கட்டங்களின் நெடிய வரிசையும், அக்கட்டங்களில் எழுதப்பட்ட எண்களுமே. எந்தக் கட்டம் எந்தக் கோப்புக்கு உரியது, அக்கோப்பின் பெயர் என்ன, எந்தக் கட்டம் காலியாக உள்ளது என்பவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளும் கணக்கே கோப்பு முறைமை. கணினி வரலாற்றில் அதற்குரிய இடம் பெரிது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் அவர் நண்பர்களும் யுனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது முதலில் வடிவம் பெற்றது அதன் கோப்பு முறைமைதான்.

கணக்கே வட்டு என்றால், உண்மையான வட்டு இல்லாமலும் கணக்கை நடத்தலாமன்றோ? மெய்நிகர் வட்டு இந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. 1972-இல் ஐபிஎம் அறிவித்த விஎம்/370 என்னும் அமைப்பில், ஒரே பெரிய வட்டு பல சிறு வட்டுகளாகப் பயனர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒவ்வொருவர்க்கும் தனி வட்டு வாய்த்திருப்பதாகவே தோன்றியது. இன்று லினக்ஸில் எந்தக் கோப்பையும் வட்டாகக் கருதுமாறு இயக்க அமைப்புக்கு ஆணையிடலாம். 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-இலும் மெய்நிகர் வட்டை உருவாக்கி ஏற்றும் வசதி உண்டு. செருகிய பென்டிரைவைப் போல அது திரையில் தோன்றும். கணினியைப் பிரித்துப் பார்த்தால் அங்கு அப்படியொரு பொருள் இராது.

எளிய கணக்கு ஒன்று இதனை விளக்கும். 100 மெகாபைட் அளவில் வெற்றுக்கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 10,48,57,600 பைட்டுகள் உள்ளன. 4,096 பைட்டுகளைக் கொண்டது ஒரு கட்டம் எனப் பிரித்தால் 25,600 கட்டங்கள் கிடைக்கும். முதல் கட்டத்தில் வட்டின் பெயர், அளவு, அமைப்பு ஆகியவற்றை எழுதலாம். அடுத்த கட்டத்தில் எவை காலி, எவை நிரம்பியவை என்னும் வரைபடத்தை வைக்கலாம். ஒரு கட்டத்துக்கு ஒரு பிட் போதும். ஆகவே 25,600 கட்டங்களுக்கும் 3,200 பைட்டுகளே தேவை. ஒட்டுமொத்த வட்டின் இருப்புக்கணக்கும் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, இடமும் மிஞ்சுகிறது! அதனையடுத்த சில கட்டங்களில் கோப்புகளின் பட்டியல், எஞ்சியவற்றில் உள்ளடக்கம். பட்டியலில் கோப்புக்கு எண் மட்டுமே உண்டு. பெயரையும் எண்ணையும் இணைக்கும் அட்டவணையே கோப்புறை. கோப்பை நீக்கும்போது பெரும்பாலும் இந்த அட்டவணை வரியும் இருப்புக்குறியுமே மாறுகின்றன. அதே கட்டத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். கயிறு அறுந்த ஏடுகளின் நிலைதான் அது.

இதனைச் செய்துபார்க்கப் புதிய கருவி எதுவும் வேண்டா. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி தமிழகத்து வீடுகளுக்குள் வந்த எளிய மடிக்கணினியே இப்பயிற்சிக்குத் தாராளம். பிழை நேர்ந்தால் கெடுவது ஒரு கோப்பு மட்டுமே, கணினிக்கு ஊறில்லை. அச்சமின்றிப் பிழை செய்வதற்கு இதனினும் நல்ல களம் கிடைப்பது அரிது.

குறிப்பேடும் பேரேடும்

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலைக் குமரி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் போகும் நொடியில் கணினி கோப்பொன்றை எழுதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? உள்ளடக்கம் எழுதப்பட்டிருக்கும், பெயர் எழுதப்பட்டிராது. அல்லது பெயர் இருக்கும், அது காட்டும் கட்டம் காலியாக இருக்கும். மேலே சொன்ன எளிய வட்டு இந்நிலையில் தன்னையே நம்ப முடியாததாகிவிடும்.

இதற்கான தீர்வைக் கணக்குப்பதிவியல் பயிலும் மாணவர் முன்பே அறிவர். வணிகர் நடவடிக்கை ஒவ்வொன்றையும் முதலில் குறிப்பேட்டில் பதிந்து, பின்னர்ப் பேரேட்டுக்கு மாற்றுவார். கோப்பு முறைமையும், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. இடையில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், குறிப்பேட்டைப் புரட்டி, முழுமையாகப் பதிந்தவற்றை நிறைவேற்றுகிறது. அரைகுறையாக நின்றவற்றைக் கைவிடுகிறது. 2001-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3 முறைமை இவ்வசதியைப் பரவலாக்கியது. வணிகரின் ஏட்டுக்கும் கணினியின் இந்த ஏட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் வழங்குவது தற்செயலன்று. கடைக்காரரின் பழக்கத்தையே கணினி அறிஞர்கள் கைக்கொண்டனர்.

ஓர் ஓலை, பல அறைகள்

மீண்டும் அந்த விற்பனை ஓலைக்கு வருவோம். கோப்புறை என்பது அட்டவணை மட்டுமே என்றால், அந்த அட்டவணை வட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. கேட்கும்போது கணக்கிட்டுத் தரலாம். 1991-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இத்தகைய முறைமை ஒன்றை விளக்கினர். அதில் தேடலே கோப்புறையின் வடிவெடுத்தது.

இதனை யாரும் செய்யக்கூடியதாக ஆக்கியது ஃபியூஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். முன்னெல்லாம் கோப்பு முறைமை எழுதுவோர் கெர்னலின் உள்ளே நிரல் எழுத வேண்டும். ஒரு சிறு பிழையும் கணினி முழுவதையும் நிறுத்திவிடும். ஹங்கேரி நாட்டு நிரலர் மிக்லோஷ் செரெதி எழுதிய ஃபியூஸ், 2005-இல் லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. கெர்னலுக்கு வரும் வினாக்களை அது வெளியே உள்ள சாதாரண நிரலுக்கு அனுப்புகிறது. 'இக்கோப்புறையில் என்னென்ன உள்ளன?', 'இக்கோப்பின் முதல் நூறு பைட்டுகள் யாவை?' என்பன போன்ற சில வினாக்களுக்கு விடையளிக்கத் தெரிந்த எந்த நிரலும் ஒரு கோப்பு முறைமையாகிவிடும். பைத்தான் மொழி பயின்ற மாணவர் சில நாள் முயற்சியில் எளிய முறைமை ஒன்றை இயங்கச் செய்துவிட முடியும்.

நாஞ்சில் நாட்டு ஓலைகளின் படங்கள் அப்படியொரு மெய்நிகர் வட்டில் இருப்பதாகக் கொள்க. 'ஆண்டு' என்னும் கோப்புறையைத் திறந்தால் கொல்லம் ஆண்டு வரிசை. 'ஊர்' என்பதைத் திறந்தால் ஊர்ப்பெயர்கள். 'ஆள்' என்பதைத் திறந்தால் ஓலையில் குறிக்கப்பட்ட ஒவ்வொரு மனிதரின் பெயரும், வாங்கியவர், விற்றவர், விற்கப்பட்டவர் என்ற வேறுபாடின்றி. நிலத்தோடு ஆளை விற்ற ஓலை நிலக்கோப்புறையிலும் தோன்றும். விற்கப்பட்டவர் பெயரில் அமைந்த கோப்புறையிலும் தோன்றும். வட்டில் அது ஒரே கோப்புதான்.

தரவுத்தளமும் இதனைச் செய்யுமே என்று கேட்கலாம். செய்யும். ஆயினும் தரவுத்தளத்தைப் பயன்படுத்தத் தனிச்செயலி வேண்டும், அச்செயலியைக் கற்கவும் வேண்டும். கோப்புறையைத் திறக்கவோ எல்லோர்க்கும் தெரியும். ஊர் நூலகர் ஒருவர் புதிதாக எதையும் கற்காமல் தேட முடிவதே இதன் வலிமை.

இத்துறையில் தமிழர் ஒருவரின் ஆக்கம் உலகறிந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, கலிபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அந்நிறுவனம் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்கு அமைத்துத் தந்த 'தண்டர்', 2004 ஜூன் மாத உலகப் பட்டியலில் இரண்டாம் விரைவான கணினியாக இடம்பெற்றது. 2005-இல் அவர் ஹிதேஷ் செல்லானியுடன் இணைந்து குளஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். குளஸ்டர் கோப்பு முறைமை, ஒரு வட்டைப் பலவாகக் காட்டுவதற்கு மறுதலையானது. பல கணினிகளின் வட்டுகளைச் சேர்த்து ஒரே பெருவட்டாகக் காட்டுவது. அதுவும் ஃபியூஸின் துணையோடு, கெர்னலுக்கு வெளியே இயங்கும் மென்பொருளாகவே எழுதப்பட்டது. கோப்பு எந்தக் கணினியில் உள்ளது என்பதைக் குறித்து வைக்கும் நடுவண் அட்டவணை அதில் இல்லை. கோப்பின் பெயரை எண்ணாக மாற்றி, அவ்வெண்ணைக்கொண்டே இருப்பிடத்தைக் கணித்துவிடுகிறது. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்குக் குளஸ்டரை வாங்குவதாக அறிவித்தது.

பெயரே இருப்பிடத்தைத் தீர்மானிக்கும் என்றால், பெயர் என்பது எது என்ற வினா எழுகிறது. தமிழுக்கு இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

ஒரே பெயர், இரு கோப்புறைகள்

'கொல்லம்' என்று பெயரிட்ட இரு கோப்புறைகள் ஒரே இடத்தில் அருகருகே இருக்க முடியுமா? முடியாது என்பதே எவரும் சொல்லும் விடை. லினக்ஸில் அது முடியும். ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தை இருவகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒருவகை; எகரத்தின் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொரு வகை. முதல் வகைக்கு 6 பைட்டுகள், இரண்டாம் வகைக்கு 9 பைட்டுகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என ஒருங்குறித் தரமும் கூறுகிறது. ஆனால் லினக்ஸ் கோப்பு முறைமைகள் இயல்பாகப் பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை, பைட்டு வரிசையாகவே பார்க்கின்றன. பெயரைக்கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கும் முறைமையில் ஒரே ஊரின் பெயர் இரு வெவ்வேறு கணினிகளுக்கு வழிகாட்டக்கூடும். ஒகரத்துக்கு மட்டுமன்றி ஓகார, ஔகார உயிர்மெய்களுக்கும் இந்நிலையே. தோவாளை, கோட்டாறு, கொல்லங்கோடு, பொன்மனை என நாஞ்சில் நாட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இவ்வலையில் சிக்கும் ஊர்கள் பல.

ஆப்பிள் நிறுவனம் 1998-இல் கொணர்ந்த கோப்பு முறைமை, எழுத்தைப் பிரித்தே சேமித்துக் குழப்பத்தைத் தவிர்த்தது. 2019-இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையிலும் ஒருங்குறி நெறிப்படி பெயர்களை ஒப்பிடும் விருப்பத்தேர்வு சேர்க்கப்பட்டது. அதன் முதன்மை நோக்கம் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கருதாமல் பெயர்களை ஒப்பிடுவது. தமிழில் அவ்வேறுபாடே இல்லை. வேறொரு மொழிக்காக வெட்டிய வாய்க்காலின் கசிவுநீரே தமிழ் வயலுக்கு வந்தது எனலாம்.

தெரிந்து தெளிவோம்

எக்ஸ்ட்4 முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். 'அழகியபாண்டியபுரம்' என்பதில் 11 எழுத்துகள். கணினிக்கு அவை 17 குறியீடுகள், 51 பைட்டுகள். இப்பெயரை ஐந்துமுறை எழுதினால் ஒரு கோப்புப்பெயரின் எல்லை சரியாக நிரம்பிவிடும். அதே எல்லைக்குள் ஆங்கிலத்தில் 255 எழுத்துகளை எழுதலாம்.

இதில் எவரது தீய நோக்கமும் இல்லை. முறைமையை வகுத்தவர்களின் மேசையில் 'கொ' என்னும் எழுத்து இருக்கவில்லை, அவ்வளவே. அந்த மேசையில் தமிழ் அறிந்தவர் அமர வேண்டுமானால் முறைமை ஆக்கத் தெரிந்த தமிழர் வேண்டும். பயன்படுத்தத் தெரிந்தோர் எத்தனை கோடியாயினும் இவ்விடத்தை நிரப்ப இயலாது. இதனாலேயே 'பிறர் செய்த நல்ல முறைமைகள் இருக்க, புதிதாகச் செய்வது வீண்வேலை' என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று.

எனினும் அக்கருத்தில் ஓர் உண்மை உண்டு. தானே வகுத்த முறைமை, வகுத்தவரோடு மறைந்துவிடும் இடர் மிகப் பெரிது. தமிழ் இதனை ஒருமுறை பட்டறிந்தது. 1990-களில் எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை என நிறுவனந்தோறும் வகுத்துக்கொண்டன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தரப்பாட்டுக்கு வழிவகுத்தது. எனினும் அதற்குள் தட்டெழுதிய பக்கங்கள் பல, உரிய எழுத்துரு இன்றித் திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தோன்றின. அத்தவற்றைக் கோப்பு முறைமையில் மீண்டும் செய்வது பேதைமை.

ஆகவே ஆக்குவோர் இரண்டினைப் பிரித்தறிய வேண்டும். ஓலைகளின் படங்களும் பெயர்ப்பட்டியலும் எவரும் திறக்கக்கூடிய பொதுவடிவில், சாதாரணக் கோப்புகளாகவே இருத்தல் வேண்டும். புதிதாக ஆக்கும் மெய்நிகர் வட்டு, அவற்றின்மேல் போர்த்த ஒழுங்காக மட்டும் அமைய வேண்டும். குளஸ்டரின் வரலாறும் இதனையே காட்டுகிறது. ரெட் ஹேட் விற்ற அதன் வணிக வடிவத்துக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஆயினும் அதன் எளிய அமைப்பில் கோப்புகள் அந்தந்தக் கணினியின் வட்டில் முழுக்கோப்புகளாகவே வைக்கப்பட்டிருந்தமையால், மென்பொருள் இல்லாமலும் அவற்றை எடுத்துப் படிக்க முடியும். தனிவடிவில் வட்டு அமைத்தே தீரவேண்டும் என்போர், அதன் முதல் கட்டத்தில் எஞ்சியிருக்கும் இடத்தில் அவ்வட்டைப் படிக்கும் முறையை எளிய தமிழில் எழுதி வைக்கலாம். 4,096 பைட்டுகளில் 1,300-க்கும் மேற்பட்ட தமிழ்க் குறியீடுகள் அடங்கும். ஒரு பக்க விளக்கத்துக்கு அது போதும்.

எஞ்சுவது பெயர்ப்பட்டியல். ஓலையைப் படித்து, அதில் வரும் ஒவ்வொரு மனிதரையும் பட்டியலில் சேர்க்கும் வேலையை எந்த நிரலும் தானாகச் செய்துவிடாது. கொல்லம் ஆண்டைப் பொது ஆண்டாக மாற்றவும், மலையாளம் கலந்த பழந்தமிழைப் பொருளுணர்ந்து படிக்கவும் தெரிந்தவர் ஒருவர். ஃபியூஸுக்கு விடையளிக்கும் நிரலை எழுதத் தெரிந்தவர் மற்றொருவர். இவ்விருவரும் ஒரே பள்ளியின் பதினொன்றாம் வகுப்பில், கலைப்பிரிவிலும் அறிவியல் பிரிவிலுமாக, சுவருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கிறார்கள். முதலாமவர் ஓலையில் விற்கப்பட்டவரின் பெயரைக் கண்டு சொல்ல, இரண்டாமவர் அப்பெயரில் ஒரு கோப்புறை தோன்றச் செய்ய முடியும். 'கொ' எந்த வகையில் எழுதப்பட்டாலும் அது ஒரே கோப்புறையாகத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் நிரலின் முதல் வரிகளிலேயே அவர்கள் எழுதிவிட வேண்டும்.